சூசை அண்ணையின் காரும் படுத்துக்கொள்ளும் ஊசியும்

கார் திருத்துகிறவனிடம் காரை மட்டும் கொண்டுவந்து விட்டுப் போகிறவர்கள் மிகக் குறைவு. காரோடு சேர்த்துத் தங்கள் வீட்டு வழக்கையும் இறக்கிவைத்துவிட்டுத்தான் போவார்கள். பழைய கார் ஒன்றோடு ஒரு மாதமாவது சீவித்த உங்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. நீங்களும் ஒரு நாள் யாரோ ஒரு மெக்கானிக்கின் முன்னால் நின்று, காரைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்விக்கு மனைவியைப் பற்றிப் பதில் சொல்லியிருப்பீர்கள்.

தொண்ணூறுகளில் நான் வன்னியில், மல்லாவியில், கிடுகு வேய்ந்த ஒரு கொட்டிலில் கார் திருத்துகிற கராச் வைத்திருந்தேன். எத்தனையோ வாகனம் வந்தது, போனது. சூசை அண்ணையின் கார் மட்டும் வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. அதன் வருத்தம் ஒன்றுதான். ஸ்ரேரிங்குக்குப் பக்கத்தில் ஒயில் அழுத்தம் காட்டுகிற சின்ன மீற்றர் ஒன்று இருக்கிறதல்லவா, அதன் ஊசி நிமிர்ந்து நிற்காது. நிமிரும், நடுங்கும், விழும், பிறகு எழும்பும். ஊசி நிமிர்ந்து நின்றால் எஞ்சினுக்குள் ஒயில் ஓடவேண்டிய இடமெல்லாம் ஓடுகிறது என்று அர்த்தம். விழுந்து கிடந்தால் உள்ளே சுழலும் தண்டைத் தாங்குகிற பெயரிங்குகள் காய்ந்து தேய்கின்றன. பெயரிங் போனால் கார் போனது. அந்த நாளில் அரசாங்கத்தின் பொருளாதாரத் தடையைத் தாண்டி வன்னிக்குள் சவர்க்காரம் வருவதே பெரும்பாடு. அண்ணையுடைய ஏ-போட்டி போன்ற பழைய காருக்குப் பெயரிங் எங்கே வரப்போகிறது?

எஞ்சின் கொடுத்து எஞ்சின் வாங்கியவர்

சூசை அண்ணை முல்லைத்தீவுக் கரைக்காரர். தொண்ணூறில் சண்டையால் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது வீட்டை விட்டார், வலையை விட்டார், படகு எஞ்சினை மட்டும் தோளில் சுமந்துகொண்டு வந்தார். மல்லாவியில் கடலுக்கு எங்கே போவது? எஞ்சின் சாக்குப் போர்த்திக்கொண்டு கொட்டில் மூலையில் இருந்தது. அவரும் மற்ற மூலையில் இருந்தார். ஆனையிறவுப் பாதை மூடிக் கிடந்ததால் யாழ்ப்பாணம் போகிறவர்கள் இடையில் கிடக்கிற களப்புக் கடலைப் படகில்தான் கடந்தார்கள். அந்த ஓட்டத்தில் இறங்க நினைத்த ஒருவர், தன்னுடைய பழைய காரைக் கொடுத்து எஞ்சினை எடுத்துக்கொள்ளக் கேட்டார். சூசை அண்ணை ஒரு இரவு யோசித்துவிட்டுச் சம்மதித்தார். காரில் காசுக்கு ஆட்களை ஏற்றி, ஹயர் ஓடிக் குடும்பத்தைப் பார்ப்பது, ஊருக்குத் திரும்புகிற நாளில் காரைக் கொடுத்து இன்னொரு படகு எஞ்சின் எடுப்பது என்பது அவருடைய திட்டம். அவருடைய மனைவி றெஜினா அக்காவுக்கு அவர் கொடுத்த வாக்கும் அதுதான்.

ஆகவே அந்தக் கார் ஓடுவதில் இரண்டு விஷயம் அடங்கியிருந்தது. இன்றைய சோறு ஒன்று, ஊருக்குப் போன பிறகு பிடிக்கப்போகிற மீன் மற்றது. கார் இடையில் செத்தால் கடலும் அதோடு போனது. முதல் தடவை அவர்கள் என் கராச்சுக்கு வந்தபோது அண்ணை ஸ்ரேரிங்கில் இருந்தார், அக்கா பின்னால் நின்று தள்ளிக்கொண்டு வந்தா. வியர்வையைத் துடைத்துவிட்டு அவா எனக்குச் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"தம்பி, கடலில தானாப் போறதைக் குடுத்திட்டு, தரையில தள்ளிக்கொண்டு போறதை வாங்கியிருக்கிறார் இந்த மனிசன்."

மாதா மறைத்த மீற்றர்

ஊசி விழுகிறதா என்று நான் கேட்டேன். தெரியாது என்றார் அண்ணை. எப்படித் தெரியாமல் போகும் என்று உள்ளே எட்டிப் பார்த்தால், மீற்றர் கண்ணாடிக்கு மேல் ஒரு மாதா படம் அளவாக வெட்டி ஒட்டியிருந்தது. மற்ற மீற்றர்களெல்லாம் திறந்துதான் கிடந்தன. அவை எப்போதோ செத்துப்போனவை, அவற்றால் யாருக்கும் கரைச்சல் இல்லை. உயிரோடு இருந்த ஒன்றைத்தான் மனிதன் மூடி வைத்திருந்தார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கடற்காரர் எஞ்சினைக் காதால் ஓட்டிப் பழகியவர், படகு எஞ்சினில் மீற்றர் ஏது? ஊசியைப் பார்க்கப் பார்க்கப் பாதை தெரியவில்லை என்று அவர் முறையிட்டார். வைத்தியரிடம் போக வேண்டாம், வருத்தம் தெரிந்துவிடும் என்று சொல்கிறவர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். படத்தை நான் மெதுவாக உரித்து, காரின் முன்கண்ணாடிக்கு மேலே, எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் ஒட்டிக்கொடுத்தேன். அண்ணை மாதாவையும் பார்த்தார், வெளிப்பட்ட ஊசியையும் பார்த்தார்.

"அவா பாத்துக்கொண்டிருந்தவா, தம்பி. இனி நானெல்லோ பாக்கவேணும்."

ஊசி பார்க்கும் சனம்

அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிற வால்வைக் கழற்றித் துடைத்தேன். அதன் சுருள்கம்பி களைத்துப்போயிருந்தது. அதற்கு அடியில் ஒரு வாசர் வளையம் வைத்துக் கொஞ்சம் இறுக்கினேன். எஞ்சினின் அடியில் ஒயில் உறிஞ்சுகிற வலையைக் கழுவினேன். கராச்சில் நிற்கும்போது ஊசி பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல் நேராக நின்றது. மாங்குளம் போய் வந்தால் மறுபடியும் விழுந்தது.

இதற்குள் வருத்தம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு ஹயரில் பின்சீற்றில் ஐந்து பேர், முன்னால் மூன்று பேர், மடிகளில் கோழியும் மரவள்ளிக் கிழங்கும். எல்லோருடைய கண்ணும் ஊசியில்தான். பாதையைப் பார்த்தது அண்ணை ஒருவர் மட்டுமே, சில நேரம் அவரும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற காய்ச்சல்காரரும் தலையைத் தூக்கி, "அண்ணை, இப்ப விழுது" என்று அறிவிப்பார். இறங்கிய பிறகும் நேரே வீட்டுக்குப் போகமாட்டார்கள். கராச்சுக்கு வந்து எனக்கு விபரம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். ஏற்றத்தில் நல்லாயிருந்ததாம், இறக்கத்தில் சோர்ந்ததாம், வெயில் ஏறினபிறகு எழும்பவேயில்லையாம். மரக்கறி விற்கிற ஒரு அம்மா, சந்தையைப் பாதியில் போட்டுவிட்டு வந்து முழுவதையும் ஒப்புவித்துவிட்டுக் கடைசியில் சொன்னா:

"என்ர தமையன் படுத்த கிடையில கிடக்கேக்கையும் நான் இப்பிடிப் பாக்கேல்லை, மேனை."

அடுப்பு மூட்டும் துணி

வால்வு சரி, வலை சரி, மீற்றர் சரி. ஒயில் குறைகிறதா என்றால் அதுவும் இல்லை. அண்ணைக்கு அதில் ஒரு பெருமையே இருந்தது. வன்னியில் எல்லோரும் போத்தலில் ஒயில் தேடி அலைகிறார்கள், தன்னுடைய கார் ஒயிலே குடிப்பதில்லை, அளவு கம்பியை இழுத்துப் பார்த்தால் சில நாள் கூடியும் இருக்கிறது, எல்லாம் மாதாவின் புதுமை, அற்புதம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். பழைய எஞ்சின், ஒயில் குறையாது, அழுத்தம் மட்டும் விழும் என்றால் பெயரிங் போய்விட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் அதையே நினைத்து, இதை எப்படி அந்த மனுஷிக்குச் சொல்வது என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

கடைசியில் சொல்லத்தான் வேண்டும் என்று அவர்களுடைய கொட்டிலுக்குப் போனேன். அக்கா தேத்தண்ணி வைக்க அடுப்பு மூட்டினா. நெருப்புக்குச்சி தட்டுப்பாடான காலம். ஈர விறகோடு மல்லுக்கட்டிக் குச்சிகளை வீணாக்காத வீடே இல்லை. அவா ஒரு கறுத்த துணித் துண்டை விறகுக்குள் செருகி, ஒரேயொரு குச்சியைக் காட்டினா. குப்பென்று பிடித்தது. இது என்ன துணி அக்கா என்று கேட்டேன்.

"இந்த மனிசன் ஒவ்வொரு நாளும் ஒயில் பாக்கிற கம்பியைத் துடைக்கிற துணி. அந்தக் காரால எனக்குக் கிடைச்ச ஒரே நன்மை இதுதான், தம்பி."

பெற்றோல் சிக்கனம்

தேத்தண்ணி குடிக்காமலே ஓடினேன். நல்ல எஞ்சின் ஒயில் தோய்ந்த துணி அப்படிப் பிடிக்காது. புகைந்து மணந்துதான் எரியும். அளவு கம்பியை இழுத்து மணந்து பார்த்தேன். மண்ணெண்ணெய்! அந்த நாளில் பெற்றோல் மருந்துபோல் போத்தலில்தான் கிடைத்தது, கார்களெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் நன்றாகச் சூடாகிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். சூசை அண்ணை பெற்றோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று, எஞ்சின் முதல் இருமல் இருமியதும் மாற்றிவிடுவார். குளிர்ந்த எஞ்சினில் எரியாத மண்ணெண்ணெய் அப்படியே கீழே வடிந்து ஒயிலோடு கலந்துவிடும். ஒயில் கூடுகிற புதுமை அதுதான். மண்ணெண்ணெய் கலந்த ஒயில் சூடானால் தண்ணீர்தான். ஊசி எப்படி நிற்கும்?

பெயரிங் போகவில்லை. அதைச் சொன்னபோது அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டா. அழுதாவோ என்னவோ, நான் பார்க்கவில்லை. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அண்ணைக்குத்தான் துக்கம். புதுமை போய்விட்டதல்லவா? தண்ணீர் கொதிக்கிற அளவுக்குச் சூடாகும் வரைக்கும் பெற்றோலிலேயே ஓட வேண்டும் என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். அவர் பெற்றோல் போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேட்டார்:

"தம்பி, அது சூடாகும்வரைக்கும் நான் இதைக் குடுத்துக்கொண்டிருந்தா, என்ர வீட்டு அடுப்பு எப்ப சூடாகிறது?"

போத்தலோடு வந்தவர்கள்

கெட்ட ஒயிலை வடித்தாயிற்று. அது கொட்டில் கூரையின் வளைகளுக்கும் கப்புத் தூண்களுக்கும் கறையான் மருந்தாக அக்கம்பக்கத்துக்குப் போனது. நல்ல ஒயிலுக்கு எங்கே போவது? அண்ணை ஒருவரிடமும் கேட்கவில்லை. ஊசியைப் பார்த்துப் பழகின சனம் தானாகவே வந்தது. உழவு மெசின் வைத்திருந்தவர் அரைப்போத்தல் கொண்டுவந்தார். அரிசி ஆலைக்காரர் கொஞ்சம் தந்தார். மோட்டார்சைக்கிள் ஓடுகிற வாத்தியார் ஒருவர், மருந்துக் குப்பியில் கொண்டுவந்து, இவ்வளவுதான் இருக்கிறது என்று வெட்கப்பட்டார். எல்லாவற்றையும் துணியில் வடித்து, பதம் பார்த்து நான் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

பாண்டியன்குளத்திலிருந்து வயல் செய்கிற ஒரு கமக்காரர் சைக்கிளில் வந்தார். மனைவியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போன காராம், சும்மா இருக்க மனம் கேட்கவில்லையாம். போத்தலைத் திறந்தால் கராச் முழுக்க வாசம். நல்லெண்ணெய்! சொந்த எள்ளு, சொந்தச் செக்கு. இது எஞ்சினுக்கு ஆகாது ஐயா என்று பக்குவமாகச் சொன்னேன். அவர் விடுகிறதாக இல்லை. வேட்டியை ஒதுக்கிக் காலை இரண்டு தரம் மடித்து நீட்டிக் காட்டினார்.

"என்ர முழங்காலுக்கு இதுதான் கேட்டது. காருக்கும் கேக்கும், ஊத்திப் பாருங்கோ."

(ஊற்றவில்லை. அன்று மத்தியானம் றெஜினா அக்கா அதில் கத்தரிக்காய் பொரித்தா. காரால் வந்த இரண்டாவது நன்மை.)

வளைவு வைரவர்

அதன்பிறகு ஊசி நின்றது, ஒரேயொரு இடத்தைத் தவிர. மாங்குளம் போகிற வழியில் ஒரு குளக்கட்டு வளைவு. கார் வேகமாகத் திரும்பும்போது ஊசி படுத்துவிடும், நேரானதும் எழும்பும். வளைவில் ஒரு மரத்தடி வைரவர் இருந்ததால் சனத்துக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது. எனக்கும் காரணம் விளங்கியது: ஊர் சேர்ந்து தந்த ஒயில் போதாது. திரும்பும்போது இருக்கிற ஒயில் ஒரு பக்கம் ஒதுங்க, உறிஞ்சுகிற குழாய் காற்றை இழுக்கிறது. இன்னும் ஒரு போத்தல் இருந்தால் சரி, ஆனால் அது வருகிற வழி தெரியவில்லை.

வளைவில் மெதுவாகத் திருப்புங்கள் என்று அண்ணைக்குச் சொல்லியனுப்ப நினைத்தேன். அதற்குள் பயணிகள் தங்கள் வைத்தியத்தைத் தொடங்கிவிட்டார்கள். வளைவுக்கு முன்னால் நிறுத்தி, ஒருவர் இறங்கிக் கற்பூரம் கொளுத்தி, திருநீறு பூசி ஏறுவார். நின்ற கார் ஊர்ந்துதானே வெளிக்கிடும்? ஊர்ந்து திரும்பியதால் ஒயில் ஒதுங்கவில்லை, ஊசியும் விழவில்லை. என்னுடைய வைத்தியமும் வைரவருடைய வைத்தியமும் ஒன்றாகவே இருந்தபடியால் நான் குறுக்கே நிற்கவில்லை. சூசை அண்ணையோ ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற மனிதன், அவரும் நெற்றியில் திருநீற்றோடுதான் திரும்பி வந்தார். ஒருநாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், இதென்ன நீங்களுமா என்று கேட்டுவிட்டேன். அவர் கொஞ்சமும் கூசவில்லை.

"மாதா கடற்கரை ஆள், தம்பி. இந்தக் காட்டு வளைவுகள் அவாவுக்குப் பழக்கமில்லை. இஞ்சத்தை ஆளைத்தான் கேக்கவேணும்."

கடைசி ஹயர்

தொண்ணூற்றாறில் இராணுவ முகாம் விழுந்த பிறகு முல்லைத்தீவுக் கரைக்குச் சனம் திரும்பத் தொடங்கியது. அங்கே ஒரு கருவாட்டு வியாபாரி, கையில் படகு எஞ்சின் ஒன்றை வைத்துக்கொண்டு கார் தேடுகிறார் என்று கதை வந்தது. ஊசி நிமிர்ந்து நின்றால் மாற்றுவேன் என்று ஆள் சொல்லியனுப்பியிருந்தார்; எங்கள் ஊசியின் புகழ் அதுவரைக்கும் போயிருந்தது. அண்ணை என்னையும் வரச்சொல்லிக் கேட்டார். முன்னால் அக்கா மடியில் அந்தோனியார் சுருபத்தோடு. பின்னால் பானை, சட்டி, பாய், கோழி இவற்றுக்கு நடுவே கழுத்தை நீட்டிக்கொண்டு நான்.

ஒட்டுசுட்டான் வரைக்கும் ஊசி மானத்தைக் காப்பாற்றியது. முள்ளியவளைக்குக் கிட்ட, பாதையில் ஒரு கிடங்குப் பள்ளத்தில் விழுந்து எழும்பியதும், ஊசி நடுங்காமல் கொள்ளாமல் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. நான் கத்தினேன். அண்ணை நிறுத்தினார். அத்தனை வருடம் காப்பாற்றிக் கொண்டுவந்த பெயரிங், கடற்காற்று மணக்கிற தூரத்தில் போய்விட்டதா? பொனற்றைத் திறந்தேன், அடியில் படுத்துப் பார்த்தேன், ஒரு துளி ஒழுக்கில்லை. அப்போதுதான் அக்கா, காரைக் குறை சொல்வதில் களைத்துப்போன ஆளைப்போல, கால் சுடுகிறது என்று சொன்னா. முன்னமே சொல்லக்கூடாதா என்றால், இந்தக் கார் எப்போதும் தன்னைச் சுட்டுக்கொண்டுதானே இருக்கிறது என்றா. குனிந்து பார்த்தேன். எஞ்சினிலிருந்து மீற்றருக்கு ஒயில் கொண்டுவருகிற மெல்லிய செப்புக்குழாய் மீற்றரடியில் வெடித்து, கொதித்த ஒயில் அவாவின் வலது பாதத்தில் வடிந்திருந்தது. பாதம் சிவந்து கிடந்தது. எனக்கோ கும்பிட வேண்டும்போல் இருந்தது. ஒயில் அவ்வளவு வேகமாக வந்தால் அழுத்தம் இருக்கிறது, பெயரிங் பத்திரம். குழாயைக் குறட்டால் நெரித்து மடித்து அடைத்தேன், கைவசம் வைத்திருந்த கடைசி ஒயிலை ஊற்றினேன். குழாய் அடைபட்டதால் ஊசி இனி எழும்பாது. ஒருகாலம் ஊசிக்கு மறைப்புப் போட்ட அண்ணை, மிச்சத் தூரம் முழுக்க அந்தச் செத்த மீற்றரையே திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ஓட்டினார்.

கருவாட்டு வியாபாரி நேரே வந்து மீற்றரைத்தான் பார்த்தார். எஞ்சின் நன்றாகத்தான் ஓடுகிறது, ஊசி ஏன் படுத்துக் கிடக்கிறது என்று கேட்டார். நான் செப்புக்குழாய்க் கதையைச் சொன்னேன். அவர் சிரித்தார். நல்ல கார் என்றால் மெக்கானிக் ஏன் கூட வருகிறான் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சூசை அண்ணை கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது கார்க்கதவு திறந்தது. றெஜினா அக்கா சுருபத்தைச் சீற்றில் வைத்துவிட்டு இறங்கி, நொண்டி நொண்டி வந்து, சேலைக்கரையைக் கொஞ்சம் தூக்கிப் பாதத்தை நீட்டினா. சிவந்து பொங்கிய பாதம், விரல் இடுக்கெல்லாம் ஒயில். அந்தக் காருக்காக அவா ஒரு நல்ல வார்த்தை பேசியதை நான் கேட்டது அன்றுதான்.

"இதுக்குள்ள ஒயில் ஓடாட்டி என்ர கால் என்னத்தில வெந்தது, சொல்லுங்கோ?"

வியாபாரி காலைப் பார்த்தார், காரைப் பார்த்தார், பிறகு உள்ளே போய் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வந்தார். அண்ணை அதைத் தோளில் வாங்கிக்கொண்டு, எங்களை மறந்து, மணலுக்குள் இறங்கி நடக்கத் தொடங்கினார். சாமான்களை இறக்கி முடித்த பிறகு, முன்கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருந்த மாதா படம் என் கண்ணில் பட்டது. உரித்துக் கொடுக்கக் கையை வைத்தேன். அக்கா தடுத்தா. காரின் மூக்கில் ஒரு தட்டுத் தட்டினா. மாட்டைத் தட்டிக் கொடுப்பதுபோல் இருந்தது.

"அவா இதில இருக்கட்டும், தம்பி. கடலில எங்களுக்குப் பழக்கம். பாவம், இந்தக் காருக்குத்தான் ஆள் வேணும்."

அதற்குப் பிறகு எத்தனையோ காருக்கு எத்தனையோ ஒயில் மீற்றர் பூட்டிவிட்டேன். றெஜினா அக்காவின் வலது காலைப்போல நம்பக்கூடிய ஒன்று இன்றுவரைக்கும் என் கைக்கு அகப்படவில்லை.